ஜெஃபர்சன் கவுண்டி திவாலுக்கு லாங்ஃபோர்டை மட்டும் திட்டினால் போதுமா?

அமெரிக்காவில் உள்ளாட்சி திவால் என்றால் எல்லோரும் டெட்ராய்ட்டைச் சொல்வார்கள். 2013-ல் அது மஞ்சள் நோட்டீஸ் கொடுக்கும்வரை முதலிடத்தில் இருந்தது அலபாமா மாநிலத்தின் ஜெஃபர்சன் கவுண்டி (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி ஓர் உள்ளாட்சி). அதன் முக்கிய நகரம் பர்மிங்காம். 2011 நவம்பர் 9-ம் தேதி கவுண்டி சுமார் 420 கோடி டாலர் கடனோடு நீதிமன்றம் போனது. அதில் 300 கோடிக்கு மேல் சாக்கடைக்காக வாங்கிய கடன்.

இதைப் பேசுகிறவர்கள் லாரி லாங்ஃபோர்டில் ஆரம்பித்து அவரிலேயே முடித்துவிடுகிறார்கள். கவுண்டியை ஆளும் கமிஷனின் தலைவராக இருந்தபோது ரொக்கம், ரோலக்ஸ் வாட்ச், கோட்டு சூட்டு என்று சுமார் 2,35,000 டாலருக்கு வாங்கிக்கொண்டு, கடன் வேலைகளைத் தெரிந்த ஆளுக்குத் திருப்பிவிட்டார். பிறகு பர்மிங்காம் மேயரானார். 2009-ல் 60 குற்றச்சாட்டுகள் நிரூபணமாகி, 2010-ல் 15 வருடச் சிறைத்தண்டனை பெற்றார். திருட்டு திருட்டுதான். ஆனால் அவர் அந்த நாற்காலிக்கு வந்தது 2002-ல். சாக்கடை அதற்கு வெகுகாலம் முன்பே ஒழுகிக்கொண்டிருந்தது.

பர்மிங்காம் 1871-ல் உருவான ஊர். இரும்புத் தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் பக்கத்திலேயே கிடைத்ததால் எழுந்த உலை நகரம். 1907-ல் பெரிய எஃகு ஆலைகள் யு.எஸ். ஸ்டீல் கைக்குப் போயின. புகை நகரத்துக்கு, வசதி ரெட் மவுண்டன் மலைக்கு அந்தப் பக்கம். ஹோம்வுட், மவுண்டன் புரூக், வெஸ்டேவியா ஹில்ஸ், ஹூவர் என்று ஒவ்வொன்றும் தனித்தனி நகராட்சி. 1963-ல் நடந்த கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம், பள்ளிகளில் இனப்பிரிவினை ஒழிப்பு, ஆலைகளின் சரிவு எல்லாம் சேர்ந்து வெள்ளையர்களை மலை தாண்ட வைத்தன. 1960-ல் 3,40,887 ஆக இருந்த நகர மக்கள் தொகை 2020-ல் 2,00,733. கவுண்டி முழுவதிலுமோ ஆறே முக்கால் லட்சம் பேர்.

நகராட்சிகள் பிரிந்தன. கழிவுநீர் பிரியவில்லை. 21 நகராட்சிகள் தங்கள் தெருக்களில் குழாய் வைத்திருந்தன, கடைசியில் அது வந்து சேர்ந்தது கவுண்டியின் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு. குழாயைப் பராமரிக்க வேண்டியவர் ஒருவர், அது கெட்டால் மாட்டிக்கொள்பவர் இன்னொருவர். பழைய மண் குழாய்களின் இணைப்புகள் விட்டுப்போகும், விரிசலில் மர வேர் நுழையும், போதாததற்கு கூரைத் தண்ணீரையும் அதிலேயே இணைத்துவிடுவார்கள். மழை பெய்தால் நிலையத்துக்கு வரும் தண்ணீர் பல மடங்காகும். தாங்காதபோது சுத்திகரிக்காமலே ஆற்றில் திறந்துவிட்டார்கள். அப்படிக் கழிவுநீர் கலந்த கஹாபா ஆறுதான் பர்மிங்காமுக்குக் குடிநீரும் தருகிறது! 1993-ல் வழக்கு வந்தது. 1996 சமரசத் தீர்ப்பின்படி அந்த 21 ஊர்க் குழாய்களையும் கவுண்டியே ஏற்றுச் சரிசெய்ய வேண்டியதாயிற்று.

பணம் எங்கிருந்து வரும்? என் பார்வையில் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. அலபாமாவின் 1901 அரசியல் சட்டம், வெள்ளையர் ஆதிக்கத்தை நிலைநாட்டவே கூடுகிறோம் என்று பகிரங்கமாகச் சொன்ன மாநாட்டில் எழுதப்பட்டது. வரி போடும் அதிகாரத்தை உள்ளூரில் விடாமல் மாநிலத் தலைநகர் மான்ட்கமரியில் இருக்கும் சட்டமன்றத்தில் பூட்டிவைத்தது. கவுண்டி தன் இஷ்டத்துக்குப் புது வரி போட முடியாது. கடன் பத்திரம் வெளியிட வாக்காளர் ஒப்புதல் வேண்டும், 'வாரண்ட்' என்ற பெயரில் கடன் வாங்கினால் வேண்டாம். அதனால் எல்லாமே வாரண்ட். அடைக்க வேண்டியது சாக்கடைக் கட்டணத்திலிருந்து மட்டும். செப்டிக் டேங்க் வைத்திருப்பவர் ஒரு காசு தரமாட்டார், இணைப்பு உள்ள ஏழை வீடு முழுச் சுமையையும் தாங்கும். பத்து வருடத்தில் கட்டணம் நான்கு மடங்கானது.

இந்த நெருக்கடியில்தான் வங்கிகள் வந்தன. 2002-03-ல் சுமார் 300 கோடி டாலர் கடன், பெரும்பகுதி, அவ்வப்போது நடக்கும் ஏலத்தில் வட்டி மாறும் வாரண்டுகளாகத் திருப்பப்பட்டது. கூடவே ஸ்வாப் ஒப்பந்தங்கள், போட்டி டெண்டர் இல்லாமல். கவுண்டி வங்கிக்கு நிலையான வட்டி தரும், வங்கி சந்தைக் குறியீட்டின்படி மாறும் வட்டியைத் திருப்பித் தரும், அதை வைத்து வாரண்டுக்காரர்களுக்குக் கொடுத்துவிடலாம் என்பது கணக்கு. வருவதும் போவதும் ஒன்றாக நகரும் வரைதான் அந்தக் கணக்கு நிற்கும். 2008-ல் கடனுக்குக் காப்பீடு தந்த நிறுவனங்களின் தரமதிப்பீடு சரிந்தது, ஏலத்தில் வாங்க ஆளில்லை, கவுண்டி தரவேண்டிய வட்டி எகிறியது. அதே சமயம் சந்தைக் குறியீடு இறங்கியதால் வங்கியிலிருந்து வந்தது சுருங்கியது. விற்காத வாரண்டுகள் வங்கிகள் தலையில் விழ, பல வருடத் தவணை சில வருடங்களுக்குள் கட்டவேண்டியதாக மாறியது. இந்த ஒப்பந்தங்களைப் பிடிக்க முறைகேடு செய்ததாக வந்த புகாரில், 2009-ல் ஜேபி மார்கன் வங்கி குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 7.5 கோடி டாலர் கட்டி, 64.7 கோடி டாலர் ஸ்வாப் முறிவுக் கட்டணத்தையும் கைவிட்டது.

சாக்கடை ஒப்பந்தக்காரர்களிடம் லஞ்சம் வாங்கியதாகவும் கமிஷனர்கள் சிலர் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் கிறிஸ் மெக்நேர், 1963-ல் பர்மிங்காமில் கறுப்பினத்தவரின் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டில் இறந்த நான்கு சிறுமிகளில் ஒருத்தியான டெனிஸின் தந்தை. அந்த ஊர் வரலாற்றில் இதைவிடக் கசப்பான செய்தி எனக்குத் தெரிந்து இல்லை.

2011-ல் நீதிமன்றம் தொழில் வரியையும் ரத்து செய்ய, பொது நிதியும் வறண்டது. ஆட்குறைப்பு வந்தது, கிளை அலுவலகங்கள் மூடப்பட்டன. ஏழைகளுக்கான கூப்பர் கிரீன் மருத்துவமனை 2012 முடிவில் உள்நோயாளிப் பிரிவை மூடியது. சாக்கடைக்கும் இந்த ஆஸ்பத்திரிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், இரண்டுமே புது வரி போட முடியாத ஒரே கவுண்டியின் பொறுப்பு என்பதுதான் பதில்.

2013 டிசம்பரில் திவாலிலிருந்து வெளியே வந்தபோது கடன்காரர்கள் சுமார் 140 கோடி டாலரை விட்டுக்கொடுத்தார்கள். மீதிக்கு 40 வருடம் வரை நீளும் புது வாரண்டுகள். கட்டணம் நான்கு வருடம் ஆண்டுக்கு 7.41 சதவீதம், பிறகு ஆண்டுக்கு 3.49 சதவீதம் ஏறும் என்று அப்போது முடிவானது. இனி வரும் கமிஷனர்களையும் கட்டிப்போடும் இந்த ஏற்பாட்டை எதிர்த்துக் கட்டணதாரர்கள் வழக்குப் போட்டார்கள். திட்டம் அமலாகிவிட்டது, இனித் திருப்ப முடியாது என்று 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்தது. கடன் கொடுத்தவர்கள் ஒரு பகுதியை இழந்தார்கள் என்பது உண்மைதான். மீதியை அடைப்பவர்களில் பலர் அந்தக் கடன் வாங்கியபோது பிறக்கவே இல்லை என்பதும் உண்மை.

2022-ல் அலபாமா வாக்காளர்கள் அரசியல் சட்டத்திலிருந்த இனவாத வாசகங்களை நீக்க ஒப்புதல் தந்தார்கள், நல்ல காரியம். கவுண்டிகளுக்கு வரி போடும் அதிகாரம் மட்டும் அந்தத் திருத்தத்தில் வரவில்லை.