மூன்று மணி நேர ‘டியூன்’ டேவிட் லிஞ்ச் தொகுத்ததல்ல

1984இல் வெளியாகித் தோல்வி கண்ட ‘டியூன்’ என்ற அறிவியல் புனைகதைப் படத்தின் மூன்று மணி நேர வடிவம்தான் இயக்குநர் டேவிட் லிஞ்ச் விரும்பிய அசல் வடிவம் என்றும், 4கே சிறப்புப் பதிப்பில் அது முழுமையாக இருக்கிறது என்றும் ஒரு செய்தி பரவுகிறது. இரண்டுமே தவறு.

திரையரங்கில் ஓடிய வடிவம் 137 நிமிடம். நீளமான வடிவம் 1988இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக, லிஞ்சின் பங்கேற்பு இல்லாமல் தைக்கப்பட்ட ஒட்டுத்துணி. தொடக்கத்தில் ஓவியங்களைக் காட்டிப் பின்னணிக் குரலில் கதை சொல்வார்கள். பார்த்த காட்சிகளே திரும்ப வரும். கதைப்படி பாலைவன மக்களின் கண்கள் நீலமாக ஒளிர வேண்டும் அல்லவா? புதிதாகச் சேர்த்த சில காட்சிகளில் அந்த நீலத்தைக் காணோம். அவ்வளவு அவசரம்!

லிஞ்ச் தன் பெயரையே எடுக்கச் சொல்லிவிட்டார். இயக்குநர் இடத்தில் ‘ஆலன் ஸ்மிதீ’ என்று வரும். படத்தைக் கைகழுவும் அமெரிக்க இயக்குநர்களுக்கென்றே இருந்த பொய்ப்பெயர் அது. திரைக்கதை ஆசிரியர் இடத்தில் ‘ஜூடாஸ் பூத்’. ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசையும் லிங்கனைச் சுட்ட பூத்தையும் ஒட்டிய பெயர். இதைவிட வெளிப்படையாக ஒருவர் எப்படிக் கோபப்பட முடியும்?

குழப்பத்துக்குக் காரணமும் உண்டு. 2006இல் வந்த டிவிடி 177 நிமிட வடிவத்தை ‘நீட்டித்த பதிப்பு’ என்று விற்றது. நீட்டித்தது என்றால் இயக்குநருடையது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள்.

2021இல் ஆரோ வீடியோ நிறுவனம் வெளியிட்ட 4கே பெட்டியில் இருக்கும் முழுப் படம் பழைய 137 நிமிட வடிவமே. நீக்கப்பட்ட காட்சிகள் தனி இணைப்பு. இறுதித் தொகுப்புரிமை தனக்கு இல்லாததை லிஞ்ச் கடைசிவரை நொந்துகொண்டார். இயக்குநர் தொகுப்பு என்று ஒன்று வெளியானதே இல்லை.