இயாகோ எந்த பிளாக்?

சார்: பாக்கிப் பட்டியலில் என் பெயரைப் போட்டீர்களே, அதற்கு நான் குரூப்பில் போட்ட பதிலைப் பார்த்தீர்களா, மேடம்?

மேடம்: பார்த்தேன். பின்னால் சூரிய உதயம், முன்னால் ஷேக்ஸ்பியர் தாடி. 'என் பணப்பையைத் திருடுகிறவன் குப்பையைத் திருடுகிறான். என் நல்ல பெயரைத் திருடுகிறவன் என்னை ஏழையாக்குகிறான்.'

சார்: எப்படி? எத்தனை பேர் கைதட்டியிருக்கிறார்கள் பாருங்கள்.

மேடம்: பணம் குப்பைதானே, சார்? அதில் மூன்று மாத மெயின்டனன்ஸை மட்டும் இந்தப் பக்கம் கொட்டுங்களேன்.

சார்: நானா சொன்னேன்? ஷேக்ஸ்பியர் சொன்னது.

மேடம்: ஷேக்ஸ்பியர் எங்கே சொன்னார்? சொன்னவன் இயாகோ.

சார்: இயாகோவா? எந்த பிளாக்?

மேடம்: ஒத்தெல்லோ, சார். மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சி.

சார்: மூன்றாவது மாடியா? வாடகைக்கு வந்தவரா?

மேடம்: பட்டாளத்துக்காரன். தனக்கு வரவேண்டிய ப்ரமோஷன் காசியோவுக்குப் போய்விட்டது என்று கறுவிக்கொண்டு, மேலதிகாரியின் குடும்பத்தையே நாசம் பண்ணினவன்.

சார்: ப்ரமோஷன் விஷயம் புரிகிறது. எங்கள் பேங்க்கிலும் இப்படித்தான்...

மேடம்: அந்த அதிகாரி காதில் அவர் மனைவியைப் பற்றி விஷம் ஏற்றும்போதுதான் இந்த 'நல்ல பெயர்' உருக்கமெல்லாம். அப்புறம் அந்த அம்மாவின் கைக்குட்டையைக் காசியோ அறையில் போட்டுவிட்டு...

சார்: அப்படியானால் மொட்டை மாடியில் காயப்போட்ட என் பனியனும் இவர் வேலைதான்!

மேடம்: 1604-இலேயே மேடையேறிய நாடகம், சார்.

சார்: அவ்வளவு பழைய ஆளா? அப்போ சொந்த ஃப்ளாட்தான்.

மேடம்: இன்னும் கேளுங்கள். வேலை போய், 'என் பெயர் போச்சே' என்று காசியோ அழும்போது இதே இயாகோ, 'பெயராவது ஒன்றாவது, அது தகுதி இல்லாமலும் வரும், தப்பு செய்யாமலும் போகும்' என்கிறான். அதற்கு மட்டும் யாரும் சூரிய உதயம் ஒட்டுவதில்லை.

சார்: இதெல்லாம் உங்களுக்கு எப்படி...?

மேடம்: பி.ஏ.வில் இந்தப் பேப்பரில் அரியர் வைத்தேன். உங்களை மாதிரி இல்லை, அடுத்த பரீட்சையிலேயே முடித்துவிட்டேன்.

சார்: சரி, இதை விடுங்கள். 'கடன் வாங்காதே, கடன் கொடுக்காதே.' இதையாவது ஷேக்ஸ்பியர் சொன்னாரா?

மேடம்: பொலோனியஸ். மகனுக்கு உபதேசம் பண்ணிவிட்டு, பிறகு திரைச்சீலைக்குப் பின்னால் ஒட்டுக்கேட்கப் போய்க் குத்துப்பட்டுச் செத்தவர். ஹாம்லெட்டில் வருகிறார். பம்மல் சம்பந்த முதலியார் 'அமலாதித்யன்' என்று தமிழாக்கினாரே, அதே நாடகம்.

சார்: ஆதித்யனா? சி பிளாக் பையன்தானே, லிஃப்ட்டில் சைக்கிள் ஏற்றுவானே?

மேடம்: சார், குப்பை எடுக்க வருகிற அம்மாவுக்குப் போன மாதம் பாதிச் சம்பளம்தான் கொடுத்தேன். அவருக்கு நல்ல பெயர் நிறைய இருக்கிறது. அரிசிக் கடையில் செல்ல மாட்டேன் என்கிறது.

சார்: ...ஜிபே நம்பர் பழையதுதானே?

மேடம்: அதேதான்.

சார்: போட்டுவிட்டேன், பாருங்கள். ஆமாம், அந்த இயாகோவைக் கடைசியில் பிடித்தார்களா?

மேடம்: பிடித்தார்கள். ஏன் செய்தாய் என்று கேட்டதற்கு, 'இனிமேல் ஒரு வார்த்தை பேச மாட்டேன்' என்று சொல்லிவிட்டான். நாளைக் காலையில் அதை ஃபார்வர்ட் பண்ணுங்கள், சார். குரூப்பே கையெடுத்துக் கும்பிடும்.