வலிக்கு மருந்து கடைசி மாதம் வரை காத்திருக்கக் கூடாது

நோயின் வலியையும் வேதனையையும் தணிக்கும் பாலியேட்டிவ் கெயார் பற்றிய பேச்சு நம்மூரில் எப்போது வருகிறது? "இனி ஒண்டும் செய்யேலாது, வீட்ட கொண்டு போங்க" என்று சொன்ன பிறகுதான். இது பெரிய பிழை. புற்றுநோய் என்று பயொப்சி றிப்போட் வந்த கிழமையே அது தொடங்க வேண்டும். கீமோ நடக்கட்டும், கரண்ட் (கதிர்வீச்சு) பிடிக்கட்டும், கூடவே வலியையும் வாந்தியையும் பயத்தையும் பார்க்க ஆட்கள் வேண்டும்.

முற்றிய நுரையீரல் புற்றுநோயாளர் 151 பேரிடம் அமெரிக்காவின் பொஸ்டனில் நடந்த ஆய்வு 2010இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களை ஆரம்பத்திலிருந்தே பாலியேட்டிவ் குழுவும் சேர்ந்து பார்த்தது. அவர்களிடம் மனச்சோர்வு குறைந்திருந்தது. கடைசிக் காலத்தில் கடும் சிகிச்சைகளைக் குறைவாகவே எடுத்தார்கள். அப்படியிருந்தும் அவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதைவிடக் கூட வாழ்ந்த காலம்) 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம்.

என் சித்தப்பா மூதூர் ஆள். இளவயதிலிருந்தே வெற்றிலையும் புகையிலையும். வாயில் புற்றுநோய் வந்து, கரண்ட் பிடித்த பிறகு எச்சில்கூட விழுங்க முடியவில்லை. கிளினிக்கில் கட்டியைப் பார்த்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். வலி எவ்வளவு என்று கேட்க ஆளில்லை. பிறகு கன்னத்துப் புண் நாறத் தொடங்கியது. பேரப்பிள்ளைகள் கிட்டப் போகவில்லை. மனிசன் உடைந்தது அதில்தான். மெட்ரோனிடசோல் குளிசையைத் தூளாக்கி மருத்துவர் சொல்கிற மாதிரிப் புண்ணில் போட்டால் அந்த நாற்றம் நன்றாகக் குறையும். மலிவான குளிசை. எங்களுக்கு அதைச் சொல்ல ஒருவர் கிடைத்தபோது நாள் போய்விட்டது.

அப்புறம் மோர்பீன் என்ற கடும் வலிக்கான மருந்து. அதைக் கொடுத்தால் ஆள் அடிமையாகிவிடுவார், சீக்கிரம் போய்விடுவார் என்று குடும்பங்களே தடுக்கின்றன. புற்றுநோய் வலிக்குச் சரியான அளவில் கொடுத்தால் அடிமையாவது அரிது. மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் முதல் நாளே சேர்த்துக் கொடுக்க வேண்டும். சாதாரண மோர்பீன் குளிசையை நாலு மணித்தியாலத்துக்கு ஒருதரம், வலி திரும்ப வருமுன்னே கொடுக்க வேண்டும். வலி தாங்க முடியாமல் கத்தும்வரை பார்த்திருப்பது கொடுமை.

திருகோணமலையிலிருந்து மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி 250 கிலோமீற்றருக்கு மேல். மட்டக்களப்பில் புற்றுநோய்ப் பிரிவு இருப்பது பெரிய ஆறுதல். ஆனால் வெருகலில் இருப்பவருக்கு இரவு இரண்டு மணிக்கு வலி வந்தால் எந்த பஸ்ஸில் ஏறுவது? கர்ப்பிணித் தாயின் வீட்டுக்கு மிட்வைஃப் மிஸ்ஸி வருவது இந்த நாட்டில் எத்தனையோ காலமாக நடக்கிறது. அதேபோல ஒவ்வொரு எம்.ஓ.எச். (சுகாதார மருத்துவ அதிகாரி) பிரிவிலும் பயிற்சி பெற்ற தாதி ஒருவர் புற்றுநோயாளர் வீட்டுக்குப் போகலாம். கேரளாவில் 1993இல் கோழிக்கோட்டில் சிறிதாகத் தொடங்கி, 2008இல் மாநிலக் கொள்கையாகவே ஆக்கினார்கள். அங்கே அயலவர்களும் பயிற்சி எடுத்து வீடு வீடாகப் போகிறார்கள். கிண்ணியா, நிலாவெளி, தம்பலகாமம் எங்கும் அப்படி வரக்கூடிய இளைஞர்கள் இருக்கிறார்கள்.

வீட்டில் நோயாளி இருந்தால் அடுத்த கிளினிக்கில் நீங்களே வாயைத் திறந்து கேளுங்கள். வலி பத்துக்கு எத்தனை, எத்தனை மணிக்கு வருகிறது, நித்திரை கொண்டாரா, சாப்பிட்டாரா என்று கொப்பியில் எழுதிக்கொண்டு போய், டொக்டர் அடுத்த ஆளைக் கூப்பிடுமுன் அந்தக் கொப்பியை மேசையில் வையுங்கள்.