எடை குறைந்த பிள்ளையின் மூளை கரைந்துவிடுமா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன், பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: "எடை குறைந்த பிள்ளையின் மூளைப் புரதம் கரைந்துவிடும், அப்புறம் என்ன கொடுத்தாலும் வீண்." இது தவறு. இதைக் கேட்டு ஒரு தாய் மனம் விட்டுப்போனால் அதுதான் பெரிய ஆபத்து.

மூளைக் கலத்துக்கு உருவம் தருபவை டியூபுலின், நியூரோஃபிலமென்ட் போன்ற புரதங்கள். லயத்துக் கூரைக்குக் கம்பும் வளையும் மாதிரி. சத்துக் குறைந்தால் இவை கரைவதில்லை. புதிதாக உருவாவது குறைகிறது, கலத்தின் கிளைகள் குறையலாம். கர்ப்ப காலத்திலும் முதல் 2 வயதிலும் இந்தப் பாதிப்பு சிறியதல்ல, உண்மைதான். ஆனாலும் சரிசெய்ய வழி இருக்கிறது. 1991இல் வெளியான ஜமைக்கா ஆய்வில், வளர்ச்சி குன்றிய 129 பிள்ளைகளில் கூடுதல் உணவோ விளையாட்டுப் பயிற்சியோ பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள் இன்னும் அதிகமாக.

புரதம் வேகமாகச் சிதைவது பக்கவாதத்தில். இரத்த ஓட்டம் தடைப்பட்டால் கலத்துக்குள் கல்சியம் பெருகும். கல்பெய்ன் என்ற நொதியம் ஸ்பெக்ட்ரின் போன்ற தாங்குபுரதங்களை வெட்டத் தொடங்கும். வாய் கோணினால், கை விழுந்தால் விடியும்வரை காத்திருக்காமல் 1990 என்ற அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள்.

பிள்ளைக்கு? கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமாவை வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடாமல் அந்தப் பிள்ளைக்கே கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், விளையாடுங்கள்.