உரியும் சோபா

எங்கள் மோட்டார்ஹோமில், அதாவது வீடுபோல அமைத்த வண்டியில், உட்கார்ந்து எழுந்தால் தொடையெல்லாம் பழுப்புச் செதில். தோல் என்று நம்பிய சோபா, துணிமேல் பூசிய பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்தான். ஹூஸ்டன் வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்தால் அந்தப் பூச்சு சிதைந்து உரியத்தான் செய்யும். வருடத்தில் பத்து மாதம் வெட்டவெளியில் நிற்கிற வண்டிக்கு இதையா போடுவார்கள்?

சரி, உறையை மாற்றிவிடலாம் என்று பார்த்தால் அது இன்னும் வேதனை. கடையில் விற்கும் உறை எதுவும் பொருந்தவில்லை. சக்கரத்துக்கு மேலே உள்ளே புடைத்திருக்கும் மேட்டுக்காக ஒரு மெத்தையின் மூலையை வெட்டியிருக்கிறார்கள். இன்னொரு மெத்தை, இரவில் மேசையை இறக்கிப் படுக்கையாக்கும்போது இடுக்கில் கச்சிதமாக உட்கார வேண்டும். நாமே தைக்கலாம் என்றால், வீட்டுத் திரைத்துணியோ ஜன்னல் வெயிலில் வெளுத்துவிடும். இழை செய்யும்போதே சாயம் கலந்த அக்ரிலிக் என்ற செயற்கைத் துணி எளிதில் நிறம் மங்காது. விலையைக் கேட்டதும் திரும்ப வைத்துவிட்டு வந்தேன்.

மோட்டார்ஹோமின் உள்துணி நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டருக்கு மேல் எரிந்து பரவக்கூடாது என்பது அமெரிக்க விதி. நல்ல விதி, அடுப்பிலிருந்து நாலடியில்தான் என் மகள் தூங்குகிறாள். அதைப் போலவே, இத்தனை வருடம் உரியாமல் இருக்க வேண்டும் என்றும் ஒரு விதி வேண்டும். காலையில் அவள் கன்னத்திலிருந்து செதிலைத் துடைத்தெடுக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.