சத்தம் சுற்றினால் அது சரவுண்ட் ஆகிவிடாது

நேற்றைய பதிவுக்கு அடியில் நடந்ததைப் பார்த்திருப்பீர்கள். அது பதினொரு நாள் உட்கார்ந்து நான் பைனாரல் முறையில், அதாவது ஹெட்ஃபோனில் கேட்டால் முன்னே, பின்னே, மேலே என்று அந்தந்த இடத்திலிருந்தே சத்தம் வருவது போல, மிக்ஸ் செய்த ஒலி நாடகம். "இதற்கு எதற்கு இத்தனை நாள்? ஆப்பில் 8டி பட்டனை அழுத்தினால் வந்துவிடும்" என்று ஒருவர் எழுதுகிறார். அதற்கு அத்தனை லைக். ராத்திரி தூக்கமே வரவில்லை.

சத்தம் சுற்றினால் அது சரவுண்ட் ஆகிவிடாது. அந்த 8டி என்பது பெரும்பாலும் பாட்டை இடமும் வலமுமாக நகர்த்தி, கொஞ்சம் எதிரொலி சேர்ப்பதுதான். அதை ரசிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது தலைக்குள்ளேயேதான் சுற்றும். அதை வெளியே கொண்டுவருவதுதான் எங்கள் வேலை.

வலப்பக்கம் ஒருவர் கைதட்டினால், இடது காதுக்கு அது சுமார் 0.6 மில்லி நொடி பிந்தித்தான் வரும். நடுவில் தலை மறைப்பதால் சத்தமும் குறையும். இதை வைத்து இடமா வலமா என்று சொல்லிவிடலாம். நேர் எதிரே, நேர் பின்னே என்றால்? இரண்டு காதுக்கும் ஒரே நேரம், ஏறக்குறைய ஒரே அளவு. அங்கேதான் காது மடலின் மடிப்புகள் உதவுகின்றன. அவற்றில் பட்டு உள்ளே போகும் கூர்மையான சத்தங்கள் திசைக்குத் திசை வேறு மாதிரி மாறும்.

ஒருமுறை என் காது மடிப்புகளில் களிமண்ணை அப்பிக்கொண்டு, துளையை மட்டும் திறந்துவிட்டு, கண்ணை மூடி உட்கார்ந்தேன். தம்பி சாவிக்கொத்தை என் தலைக்கு மேலே ஆட்டினான். நான் முகத்துக்கு நேரே கையை நீட்டினேன். களிமண்ணை எடுத்த பிறகு சரியாக மேலே காட்டினேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

"உன் காதும் என் காதும் ஒன்றா?" என்று கேட்பீர்கள். இல்லைதான். பொதுவான ஒரு தலை, காதின் அளவை வைத்துச் செய்தால், முன்னால் வரவேண்டியது சிலருக்குப் பின்னால் கேட்கும். ஒப்புக்கொள்கிறேன். தலை அசைவைக் கணக்கில் எடுக்கும் ஹெட்ஃபோனில் அந்தக் குழப்பம் நிறையவே குறையும். சரி, அதற்காக வேலையே வேண்டாம் என்பீர்களா? புது மோகம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். 1881-லேயே பாரிஸ் கண்காட்சியில் காதுக்கொரு டெலிபோன் ரிசீவரை வைத்து ஓபரா கேட்டிருக்கிறார்கள்.

"எல்லாரும் போன் ஸ்பீக்கரில்தானே கேட்கிறோம்" என்றதுதான் அதிகம் வலித்தது. ஸ்பீக்கரில் இடது சத்தம் வலது காதுக்கும் போய்விடும், போட்ட கணக்கெல்லாம் கலங்கிவிடும். அதனால்தான் முதல் வரியிலேயே ஹெட்ஃபோன் மாட்டிக் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். அதைக்கூடப் படிக்காமல் எப்படித் தீர்ப்புச் சொல்கிறீர்கள்?

எங்களுக்கு இது பழக்கம்தான். போன வருடம் ஒரு இடத்தில் நான் கொடுத்த கோப்பை மோனோவாக்கி, அதாவது இரண்டு காதுக்கும் ஒரே சத்தமாக்கி, ஏற்றிவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் நடந்துவர வேண்டிய ஆள் மண்டைக்கு நடுவில் வந்து நின்றான். கேட்டதற்கு, "யாருக்குத் தெரியப்போகிறது" என்றார்கள்.

என் அம்மாவுக்குத் தெரிந்தது. இந்த நாடகத்தை முதலில் கேட்டவர் அவர்தான். பின்பக்கக் கதவு மெல்லத் திறக்கும் இடம் வந்ததும் சட்டென்று திரும்பிப் பார்த்தார். ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "கதவைச் சாத்தித்தானே வைத்தோம்?" என்று கேட்டார்.

அந்தக் கதவுக்கு மட்டும் மூன்று நாள் ஆனது.