வாழைப்பழ டோபமைன் மூளைக்குப் போகாது

“வாழைப்பழத்தில் டோபமைன் இருக்கிறது, தினம் இரண்டு சாப்பிட்டால் மூளையில் டோபமைன் ஏறும்” என்று மேலே ஒரு நண்பர் போட்டு, பார்க்கின்சன் நோய்க்கு (மூளையில் டோபமைன் குறைந்து உடல் அசைவு பாதிக்கப்படும் நோய்) “மாத்திரையே தேவையில்லை” என்று முடித்திருக்கிறார். டோபமைன் என்பது நரம்புச் செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள். பழத்தைப் பற்றிய பேச்சில் முதல் பாதி சரி. பழத்தில் டோபமைன் உண்டு, சொல்லப்போனால் சதையைவிடத் தோலில்தான் அதிகம். இரண்டாம் பாதிதான் இடிக்கிறது.

ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது, அது டோபமைனை உள்ளே விடாது. மூளைக்கு வேண்டியதை அங்குள்ள சில நரம்புச் செல்களே தயாரித்துக்கொள்கின்றன. டைரோசின் என்ற அமினோ அமிலம் தடுப்பைத் தாண்டி வரும். டைரோசின் ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி அதை எல்-டோபாவாக மாற்றும், அப்புறம் இன்னொரு நொதி அதை டோபமைனாக்கும். முதல் நொதிதான் மெதுவாக வேலை செய்வது. அதனால் டைரோசினை அள்ளிக் கொட்டினாலும் உற்பத்தி அதே வேகத்தில் ஏறிவிடாது.

1957-இல் சுவீடனில் அர்விட் கார்ல்சன் என்ற ஆய்வாளரின் குழுவினர் முயல்களுக்கு, மூளையில் டோபமைனைக் காலி செய்யும் ரெசர்பின் கொடுத்தார்கள் (நம்மூர் சர்ப்பகந்தா வேரில் இருக்கும் அதே சரக்கு). முயல்கள் காது தொங்கி அசையாமல் கிடந்தன. எல்-டோபா ஊசி போட்டார்கள். சில நிமிடங்களில் எழுந்து நடமாடின. எல்-டோபா தடுப்பைத் தாண்டி மூளைக்குள் போகும். பார்க்கின்சன் நோய்க்கு இன்றும் டோபமைனைக் கொடுக்காமல் லெவோடோபா (எல்-டோபாவின் இன்னொரு பெயர்) மாத்திரை கொடுப்பது இதனால்தான். மூளைக்குப் போகுமுன் வழியிலேயே அது டோபமைனாக மாறிவிடாமல் இருக்க, கூடவே கார்பிடோபாவும் சேர்ப்பார்கள்.

பழம் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் “மாத்திரையே தேவையில்லை” என்ற கடைசி வரியை மட்டும் நீக்கிவிடுங்கள் நண்பரே. லெவோடோபாவைத் திடீரென நிறுத்துவது ஆபத்து.